நாற்காலியும் குரலும்

தாம்பரம் - பீச் எலெக்ட்ரிக் ட்ரெயினில் கறுப்பு டி-ஷர்ட் போட்ட இரண்டு பையன்கள் மல்லுக்கட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். சொத்துத் தகராறு இல்லை... 'அயர்ன் மெய்டன்' ஆல்பங்களில் எது முதல், எது கடைசி என்கிற தகராறு! குரோம்பேட்டையில் போட்ட வரிசை பல்லாவரத்தில் கலைந்தது. கடைசி இரண்டு இடங்களில் மட்டும் சண்டையே இல்லை. இரண்டுமே பிளேஸ் பேய்லி பாடியவை.

யார் இந்த பேய்லி? 1975-ல் லண்டனில் ஸ்டீவ் ஹாரிஸ் என்கிற பேஸ் கிடார்காரர் ஆரம்பித்த குழு இது. 1981-ல் பாடகராக வந்தார் புரூஸ் டிக்கின்ஸன். அடுத்த வருஷமே 'தி நம்பர் ஆஃப் த பீஸ்ட்' பிரிட்டனில் நம்பர் ஒன்! 1993-ல் புரூஸ் கிளம்பிவிட, அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்தான் பேய்லி, பாவம். 1998-ல் வந்த 'வர்ச்சுவல் லெவன்' 16-ம் இடத்தோடு நின்றது. 1999-ல் புரூஸ் திரும்பினார். 2007 மார்ச்சில் பெங்களூருக்கே வந்து பாடினார்.

ஆக, நம்ம பசங்க வரிசைப்படுத்துவது ஆல்பத்தையா, குரலையா? டி.எம்.எஸ்ஸா, பி.பி.எஸ்ஸா என்று நம் திண்ணைகளில் நடக்காததா! ஆனால், பாட்டுகளில் பெரும்பகுதியை எழுதிய ஹாரிஸ் ஒருநாளும் குழுவைவிட்டு நகரவில்லை. விவாகரத்து வேதனையில் அவர் இருந்தபோது உருவான 'தி எக்ஸ் ஃபேக்டர்' (1995) இருட்டான, நிதானமான ஆல்பம். என் வோட்டு அதற்குத்தான்.

2001-ல் ரியோவில், அதிலுள்ள 'சைன் ஆஃப் த கிராஸ்' பாட்டை புரூஸே மேடையில் பாடினார். பையனிடம் சொன்னேன்.

"புரூஸ் பாடினதாலதான் சார் அது நல்லாருக்கு!" என்றபடி கிண்டியில் இறங்கிப் போய்விட்டான்.