எந்தக் குஞ்ஞாலி?

நீலகிரி இத்தலாரில், மலைக்கு மேற்கேயுள்ள மலபாரைப் பற்றிய பேச்சினிடையே மாணவரொருவர் குஞ்ஞாலி மரைக்காயர் யாரென வினவினார். எந்தக் குஞ்ஞாலி என்று நாம் திருப்பிக் கேட்டோம். அது இயற்பெயரன்று, கோழிக்கோட்டுச் சாமூதிரி மன்னர் தம் கடற்படைத் தலைவர்க்கு அளித்த பட்டம். தாங்கியோர் நால்வர்.

நான்காமவர் முஹம்மது அலி மரைக்காயர். 1599-இல் போர்த்துக்கீசியரின் தாக்குதலைத் தம் கோட்டையிலிருந்து முறியடித்தார். மறுமுறை அவர்களுடன் சாமூதிரியே சேர்ந்து முற்றுகையிட்டார்! உயிருக்கு உறுதி பெற்று, 1600 மார்ச்சில் மன்னரிடம் சரணடைந்தார். போர்த்துக்கீசியரோ அவரைப் பற்றிச் சென்று கோவாவில் சிரச்சேதம் செய்தனர். ஷைகு ஜைனுத்தீன் மக்தூமின் ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ 1583-ஓடு நின்றுவிடுவதால், இம்முடிவைப் பெரிதும் பகைவர் ஏடுகளிலேயே தேட வேண்டியுள்ளது.

மும்பையிலுள்ள ‘ஐ.என்.எஸ். குஞ்ஞாலி’ கப்பலன்று, கடற்படைக் கரைத்தளம். கொச்சிப் பல்கலைக்கழகக் கப்பற் பொறியியல் பள்ளிக்கும் அப்பெயரே. கோட்டை நின்ற இரிங்கலில் நினைவகம் உண்டு.