வெறும் குறியீடு

குறியீடு என்ற சொல்லுக்கு முன்னால் ‘வெறும்’ எப்படி வந்து ஒட்டிக்கொண்டது? இதைத் தேடப்போய் பதினோராம் நூற்றாண்டின் நற்கருணைச் சர்ச்சைக்குள் வந்து சேர்ந்தேன்.

டூர்ஸ் நகரத்து பெரங்கார் இலக்கணத்தை நம்பியவர். ‘இது என் உடல்’ என்பதில் ‘இது’ அப்பத்தைச் சுட்டுகிறது. அப்பம் அழிந்தால் எழுவாயும் அழிகிறது. எழுவாய் அழிந்தபின் வாக்கியம் நிற்காது. ஆகவே அப்பம் அப்பமாக இருந்துகொண்டே கிறிஸ்துவின் உடலைக் குறிக்கிறது என்றார். விசுவாசிகளின் பற்களால் அரைபடுவது நிஜமான உடலே என்று 1059ல் ரோம் சங்கம் அவரைப் பிரமாணம் செய்யவைத்தது. பின்னால் அதை மறுத்து எழுதினார். படித்தவுடன் நான் அவர் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

எதிர்த்தவர்களில் ஒருவர் நார்மண்டியின் பெனடிக்டின் துறவி க்விட்மண்ட், லான்ஃபிராங்கின் மாணவர். வெற்றிகொண்ட வில்லியம் இங்கிலாந்தில் பதவி தர முன்வந்தபோது, கொள்ளையில் பங்கு வேண்டாம் என்று மறுத்ததாக ஓர்டெரிக் விடாலிஸ் எழுதிவைத்திருக்கிறார். 1070களில் பெரங்காருக்கு உரையாடல் வடிவில் பதில் எழுதினார். பற்கள் விஷயத்தை அவர் பூசிமெழுகவில்லை. உயிர்த்தெழுந்த உடலைத் தோமையார் கையால் தொடலாமென்றால் பல்லால் ஏன் தொடக்கூடாது என்று கேட்கிறார்.

ஆனால் பிட்ட ஒவ்வொரு துணுக்கிலும் ஒரே உடல் முழுசாக இருப்பது எப்படி? நெஞ்சிலுள்ள எண்ணம் குரலை உடுத்திக்கொண்டு வெளிவருகிறது, ஆயிரம் பேர் கேட்டாலும் ஒவ்வொருவரிடமும் முழுசாகப் போய்ச் சேருகிறது, சொன்னவனிடமும் குறைவதில்லை என்கிறார்.

குறிக்கு எதிராகப் பொருளுக்கு வாதாட வந்தவர் சாட்சிக்கு அழைத்தது சொல்லை! எதிராளியைவிட அவருக்குச் சொல்லின்மேல் நம்பிக்கை அதிகம் என்று தோன்றியது.

பெரங்காருக்கும் குறி காலியானதாக இருக்கவில்லை. அதன் வழியே கிறிஸ்து ஆன்மாவைச் சேர்வதாகவே நம்பினார். அவரைச் சேர்ந்தவர்களில் சிலருக்கு நற்கருணையில் நிழலும் உருவகமும் தவிர வேறொன்றுமில்லை என்று வகை பிரித்துக் காட்டியவர் க்விட்மண்ட். ‘வெறும்’ அங்கே, வழக்காடுபவரின் வாயில் இருக்கிறது.

1079ல் பெரங்கார் மறுபடி பிரமாணம் செய்தார். இம்முறை பற்கள் இல்லை. ‘சாராம்சத்தில்’ மாறுகிறது என்ற சொல் வந்தது. 1088ல் இறந்தார். அதே ஆண்டு க்விட்மண்ட் தென் இத்தாலியில் அவெர்சாவின் மேற்றிராணியார் ஆனார்.

கவிதைகளைப் பற்றி நான் எழுதிய கட்டுரைகளில் ‘வெறும் குறியீடு’ பல இடங்களில் வருகிறது. எந்த வழக்கில் யார் பக்கம் நின்று எழுதினேன் என்று அப்போது யோசிக்கவில்லை.