கறளும் மண்ணெண்ணெயும்

கற்பிட்டிப் பக்கம் பழைய வாகனம் ஒன்றை வாங்கப் போனா, நாங்க முதல்ல குனிஞ்சு அடியைத்தான் பார்ப்போம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, புத்தளத்தைச் சுற்றி உப்பளம். உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். இரண்டும் சேர்ந்தால் இரும்பு சீக்கிரம் கறள்பிடிக்கும். சைலன்சர், பிரேக் குழாய், கதவின் அடிவிளிம்பு எல்லாம் ஒவ்வொன்றாகப் போகும்.

இது கடற்காற்று தரும் கரைச்சல். மற்றக் கரைச்சல்களுக்குப் பின்னால் அரசியல் இருக்கு.

1970களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும்வரை, இருந்த ஒஸ்டினையும் மொரிஸையும் ஒட்டுப்போட்டுத்தான் நாடு ஓட்டியது. 1990இல் போர் மீண்டும் மூண்டு வடக்குக்கு எரிபொருள் தடைப்பட்டபோது, அதே பழைய கார்கள் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியா ஆவியாகாது. அதனால கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மாற்றினார்கள். அமுக்க விகிதம் குறைந்த எஞ்சின் என்பதால் தாங்கியது. ஆனா பிளக்கில் கரி படியும், புகை கக்கும்.

அதே 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மன்னாரிலிருந்து பலர் படகில் வந்து கற்பிட்டியில் இறங்கினார்கள். லொறியும் கடையும் வைத்திருந்தவர்கள் அவற்றை அங்கேயே விட்டுட்டு வந்தார்கள். கையில் எஞ்சியது தெரிந்த தொழில் மட்டுமே.

2022இல் பெற்றோல் செட் வரிசை எங்கட தலைமுறைக்கும் வந்தது. கியூஆர் அட்டை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5. வாகன இறக்குமதி 2020இலேயே நிறுத்தப்பட்டிருந்ததால், கறள்பிடித்ததை மாற்றவும் வழியில்லை. ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியது. இந்தக் கரையில் அது பெரிய அடி. சிறு படகுகளின் எஞ்சினும் அந்த யாழ்ப்பாணக் கார் மாதிரித்தான்: பெற்றோலில் ஸ்டார்ட், மண்ணெண்ணெயில் ஓட்டம்.

கார் நின்றால் சின்னக் கரைச்சல் என்று சொல்லிடலாம். ஆனா கற்பிட்டித் தோட்டத்து மரக்கறி சந்தைக்குப் போறதும், இரவில் நோயாளி புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போறதும் அந்த வண்டியில்தான். அதை ஓட வைத்த கராஜ் பாஸ்மாரின் கதையை எந்தப் பாடப்புத்தகத்திலும் நாங்க படிக்கவில்லை. அவங்க இன்னும் இருக்காங்க. போய்க் கேட்டு எழுதி வைப்போம்.