தேரி மண்

திருச்செந்தூருக்குப் போகிறவர்கள் கடலைப் பார்ப்பார்கள். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே சில மைல் போனால் இன்னொரு கடல் இருக்கிறது. அலை அலையாய்ச் செக்கச் சிவந்த மணல். நடுநடுவே பனையும் உடைமரமும். ஜனங்கள் அதைத் தேரி என்கிறார்கள்.

நான் காமிராவோடு போனது ஒரு தை மாதம். படுக்கையோடு கிடந்த அத்தை, "படமெல்லாம் எனக்கெதற்கு? ஐயனார் கோயில் மண் ஒரு பிடி கொண்டு வா" என்று சொல்லியிருந்தாள். எனக்கோ படம்தான் முக்கியம். கறுப்பு வெள்ளை பிலிம். வானம் கறுக்கட்டுமென்று சிவப்புக் கண்ணாடியை லென்ஸில் மாட்டிக்கொண்டேன்.

இந்த மணலுக்கு வயது ஆயிரக்கணக்கான ஆண்டுகள். காற்று கொண்டுவந்து குவித்தது. அதிலுள்ள இரும்புச் சத்து துருவேறிச் சிவந்தது. சாயர்புரம் பக்கத்துத் தேரியில் புரூஸ் ஃபூட் துரை சின்னஞ்சிறு கல் ஆயுதங்களைக் கண்டெடுத்தார். 1956-இல் ஸாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார்கள். நகத்தளவு கல்லை வைத்துக்கொண்டு இங்கே வேட்டையாடிப் பிழைத்திருக்கிறான் மனிதன்!

தேரிக் குடியிருப்பில் கற்குவேல் ஐயனார் கோயில். கார்த்திகை முடிகிற சமயம் அங்கே 'கள்ளர் வெட்டு' நடக்கும். வெட்டுப்படுவது கள்ளனல்ல, இளநீர். நீர் சிந்திய மண்ணை அள்ளப் பெருங்கூட்டம் முட்டி மோதும். அந்த மண் வீட்டிலிருந்தால் நோய் நொடி அண்டாது, வயலில் தூவினால் விளையும் என்பது நம்பிக்கை.

நான் போனபோது திருவிழா முடிந்து ஒரு மாதமாகிவிட்டது. சும்மா ஒரு பிடி அள்ளிக்கொண்டு போனால் அத்தைக்கு என்ன தெரியப்போகிறது? அள்ளியும் விட்டேன். சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த கிழவி ஒருத்தி பார்த்துவிட்டாள்.

"அது வெறும் மண்ணுய்யா. யாருக்குச் சொகமில்ல?"

சொன்னேன். வீட்டுக்கு அழைத்துப் போய், சாமி படத்துக்குப் பின்னாலிருந்த பொட்டலத்தைப் பிரித்துப் பாதியைக் கொடுத்தாள். காசை வாங்கவில்லை. படம் எடுக்கட்டுமா என்றதற்கும், "வேண்டாமய்யா" என்றுவிட்டாள்.

பிலிமைக் கழுவினால், தேரி வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு மேடாக நிற்கிறது. சிவப்புக் கண்ணாடி சிவப்பை வெளுக்கும் என்ற பாலபாடம் எனக்கு மறந்து போயிருந்தது.

அத்தை படத்தைப் பார்த்து, "இது எந்த ஊர்?" என்றாள். மண்ணை மட்டும் நெற்றியில் இட்டுக்கொண்டு, மீதியைத் தலையணைக்கடியில் வைத்தாள். முழங்கால் வலி போகவில்லை. ஆனாலும் படுக்கையை உதறுகிறவர்களிடமெல்லாம், "பொட்டலம் பத்திரம்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.