மஞ்சள் அங்கி போராட்டம் பிறந்த கதை

பிரான்ஸில் கார் வைத்திருப்பவர் எவரும் வண்டிக்குள் ஒரு மஞ்சள் அங்கியும் வைத்திருக்க வேண்டும். 2008 அக்டோபரில் வந்த விதி இது. வண்டி நடுவழியில் நின்றால் அதை மாட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும். தவறினால் 135 யூரோ அபராதம். அரசே சொல்லிக் கோடிக்கணக்கான வண்டிகளில் ஏற்றிவைத்த அந்த அங்கி, பத்தே ஆண்டுகளில் அரசை எதிர்த்தவர்களின் உடையானது.

அதற்கு முன்பே போராட்ட உடையாக ஒரு சிவப்புத் தொப்பி வந்திருந்தது. 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளிடம் சுற்றுச்சூழல் வரி வசூலிக்க அரசு ஏற்பாடு செய்தது. சுங்கச்சாவடி கிடையாது, லாரிக்குள் ஒரு கருவி, சாலைக்குக் குறுக்கே கேமரா பொருத்திய இரும்பு வளைவுகள். 2014 ஜனவரி 1 முதல் வசூல் என்றார்கள்.

நாட்டின் மேற்கு முனையான பிரிட்டனி கொதித்தது. அங்கே விளையும் காய்கறியும் இறைச்சியும் நெடுந்தூரம் லாரியில் போனால்தான் சந்தை. அதிபர் தெ கோல் காலத்திலிருந்தே அந்த வட்டாரத்தின் நால்வழிச் சாலைகளில் கட்டணமும் இல்லை. போதாததற்கு இறைச்சி ஆலைகள் மூடப்பட்டு வேலையிழப்பு பெருகியிருந்தது. 2013 அக்டோபர் 26 அன்று பொன் தெ புயி என்ற ஊரில் விவசாயிகளும் லாரிக்காரர்களும் தொழிலாளர்களும் சிவப்புத் தொப்பி அணிந்து வளைவை நோக்கிப் போனார்கள். 1675இல் மன்னர் பதினான்காம் லூயி முத்திரைத்தாளுக்கும் புகையிலைக்கும் விதித்த வரியை எதிர்த்து எழுந்த அந்த மண்ணின் குடியானவர்கள் அணிந்த தொப்பி அது. போலீசுடன் நடந்த மோதலில் ஒருவர் கையை இழந்தார். மூன்றே நாளில் வரி நிறுத்திவைக்கப்பட்டது. மறு ஆண்டு திட்டத்தையே கைவிட்ட அரசு, ஒப்பந்த நிறுவனத்துக்குப் பெருந்தொகை இழப்பீடு தந்தது.

அதிலிருந்து பாடம் கற்றிருக்க வேண்டும், கற்கவில்லை. பல பத்தாண்டுகள் டீசலுக்கு வரிச்சலுகை தந்து மக்களை டீசல் கார் வாங்கவைத்த அரசு, 2019 ஜனவரி முதல் லிட்டருக்கு டீசலுக்கு 6.5 சென்ட், பெட்ரோலுக்கு 2.9 சென்ட் வரியேற்ற முடிவெடுத்தது. காரணம், பருவநிலை. ஆனால் எரிபொருள் வரியில் பெரும்பகுதி பொதுக் கணக்குக்கே போய்க்கொண்டிருந்தது. செல்வர்களின் சொத்து வரியோ அதற்கு ஓராண்டுக்கு முன்புதான் பெருமளவு நீக்கப்பட்டிருந்தது.

பாரிஸ் புறநகரில் சிறுதொழில் நடத்திய பிரிசிலியா லுடோஸ்கி 2018 மே மாதம் எரிபொருள் விலையைக் குறைக்கக் கோரி இணையத்தில் வைத்த மனுவில் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள். அக்டோபரில் தெற்கேயிருந்து ஒரு மெக்கானிக், "எல்லாரிடமும் மஞ்சள் அங்கி இருக்கிறதே, அதை முன்கண்ணாடிக்குக் கீழே வையுங்கள்" என்ற பொருளில் காணொளி போட்டார். நவம்பர் 17 அன்று ஏறக்குறைய 2.8 லட்சம் பேர் அந்த அங்கியோடு ரவுண்டானாக்களில் கூடினார்கள். கட்சியும் இல்லை, சங்கமும் இல்லை. பேருந்தோ ரயிலோ இல்லாத ஊர்களிலிருந்து தினமும் காரில் வேலைக்குப் போகும் செவிலியர்கள், ஓட்டுநர்கள், ஓய்வூதியர்கள் அவர்களில் ஏராளம். டிசம்பர் தொடக்கத்தில் வரியேற்றம் கைவிடப்பட்டது. அதற்குள் உயிர்கள் போயிருந்தன. போலீசின் ரப்பர் குண்டுகளுக்குக் கண்ணைப் பறிகொடுத்தோரும் உண்டு.

புகையைக் குறைத்தே ஆகவேண்டும், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் காரை விட்டால் வேறு வழியில்லாதவர்மேல் முதலில் வரி போடுவது, புகையைக் குறைக்காது. அவர் கைச்செலவைத்தான் குறைக்கும். முதலில் பேருந்தை விடுங்கள், பிறகு வரியைக் கேளுங்கள். இந்த வரிசை மாறியதால்தான் அந்த அங்கி தெருவுக்கு வந்தது. வரிசையைத் திருத்தாத எந்த நாட்டிலும் அது வரும்.