பழைய கார் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

பழைய கார் பார்க்கப் போகும் பலர் முதலில் கேட்பது, "கடைசியா என்ன விலைக்குத் தருவீங்க?" என்றுதான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன் கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

வங்கிக் கடனில் கார் வாங்கினால் ஆர்.சி., பழைய கடன், காரின் மதிப்பு எல்லாவற்றையும் வங்கியே தன் பணத்தைப் பாதுகாக்கச் சரிபார்த்துவிடும். வட்டி வேண்டாம் என்று சேமிப்பிலிருந்து முழுத் தொகையையும் கொடுத்து வாங்கும் நம் குடும்பங்களுக்கு அந்தச் சோதனை கிடைப்பதில்லை. அந்த வேலையை நாமே செய்ய வேண்டும். பொருளின் குறையைச் சொல்லி விற்க வேண்டும் என்பது மார்க்கம் கற்றுத் தந்த ஒழுக்கம். ஆனால் சந்தையில் கேட்காமல் சொல்பவர்கள் குறைவு.

1. ஆர்.சி.யில் இருப்பது யார் பெயர்?

விற்பவரின் அடையாள அட்டையையும் ஆர்.சி.யையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பெயர் வேறாக இருந்தால் காரணம் கேளுங்கள். "அத்தா பேர்ல இருக்கு, அவர் மவுத்தாகிட்டார்" என்றால், படிவம் 31 மூலம் முதலில் வாரிசு பெயருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். வியாபாரி விற்றால் அவரிடம் அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய விதிகளின்படி பழைய வாகன வியாபாரிகள் இதைப் பெற்றிருக்க வேண்டும்.

எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவு விவரங்கள் தெரியும். காரில் பொறித்துள்ள சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகின்றனவா என்று நேரில் பாருங்கள்.

2. கடன் பாக்கி இருக்கிறதா?

ஆர்.சி.யில் ஏதேனும் வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால், கார் இன்னும் அடமானத்தில் இருக்கிறது என்று பொருள். "கடனைக் கட்டிட்டோம், பேரை எடுக்கல" என்ற வார்த்தை போதாது. வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கொடுத்து, ஆர்.சி.யில் அந்தப் பெயர் நீங்கிய பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள். செலுத்தாத போக்குவரத்து அபராதங்கள் இருக்கின்றனவா என்பதை இ-சலான் இணையதளத்தில் பார்க்கலாம்.

3. எந்த ஆண்டு, எந்த மாநிலப் பதிவு?

சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு தகுதிச் சோதனை செய்து 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 13 வயதுள்ள கார் மலிவாகக் கிடைக்கிறது என்றால் இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

டெல்லியில் பழைய டீசல் கார்களுக்கு இருந்துவரும் கட்டுப்பாடுகளால் அங்குள்ள கார்கள் குறைந்த விலையில் பிற மாநிலங்களுக்கு வருகின்றன. வெளிமாநிலக் காருக்கு அந்த ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று (படிவம் 28) வேண்டும். இங்கு சாலை வரியும் கட்ட வேண்டும். இவற்றைக் கூட்டிப் பார்த்தால் மலிவு என்று நினைத்த கார் மலிவாக இருக்காது.

4. இன்சூரன்ஸ் பாலிசியைக் காட்டுவீர்களா?

தேதியை மட்டும் பார்க்காதீர்கள். 'நோ கிளெய்ம் போனஸ்' எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 50 சதவீதம் என்றால் தொடர்ந்து 5 ஆண்டுகள் கிளெய்ம் வாங்கவில்லை என்று அர்த்தம். ஒரே உரிமையாளரிடம் 6 ஆண்டுகள் இருந்த காரில் அது பூஜ்ஜியமாக இருந்தால், கிளெய்ம் வாங்கியிருக்கலாம் அல்லது இடையில் பாலிசி விட்டுப்போயிருக்கலாம். எது என்று கேளுங்கள். இந்தப் போனஸ் காருக்கு உரியதல்ல, உரிமையாளருக்கு உரியது. எனவே அது உங்களுக்கு வராது.

5. உண்மையில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது?

மீட்டரைக் குறைத்து வைப்பது எளிது. சர்வீஸ் ரசீதுகளில் தேதிவாரியாக இருக்கும் கிலோமீட்டரை ஒப்பிடுங்கள். 30,000 கி.மீ. ஓடியதாகச் சொல்லும் காரில் பிரேக் பெடல் ரப்பர் தேய்ந்தும் ஸ்டீயரிங் வழுவழுப்பாகவும் இருந்தால் கணக்கு இடிக்கிறது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களையும் பாருங்கள். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத் தயாரிப்பு.

6. விபத்தில் சிக்கியதா? வெள்ளத்தில் நின்றதா?

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. அப்படிப்பட்ட கார் கழுவித் துடைத்து விற்பனைக்கு வந்தால் வெளியில் தெரியாது. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறை இருக்கலாம். தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். இருக்கைக்கு அடியில் உள்ள கம்பிகளில் துரு, விளக்குக்குள் நீர்த்திவலை, உள்ளே பூஞ்சை வாடை ஆகியவை எச்சரிக்கை.

விபத்து நடந்திருந்தால் கதவுகளுக்கும் பானெட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரே அளவாக இருக்காது; ஒரு பகுதியின் பெயிண்ட் நிறம் மாறித் தெரியும். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும் சந்தேகம்தான். உங்கள் பிள்ளைகளின் உயிர் சம்பந்தப்பட்டது இது.

7. என் மெக்கானிக்கைக் கூட்டி வரலாமா?

தயங்குபவரிடம் கார் வாங்க வேண்டாம். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஆறிய பிறகு நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. ஆயில் மூடியின் உட்புறம் பால்போல் வெளுத்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். ஏ.சி. போட்டு, மேடு பள்ளத்திலும் நெடுஞ்சாலையிலும் ஓட்டிப் பாருங்கள்.

8. பணமும் பெயர் மாற்றமும் எப்படி?

காரைப் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். வங்கி வழியாகவே கொடுங்கள். ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. வங்கிப் பதிவு உங்களுக்கும் ஆதாரம். தேதியும் நேரமும் எழுதிய விற்பனை ஒப்பந்தம் போடுங்கள்.

படிவம் 29, 30 இரண்டிலும் அன்றே கையெழுத்து வாங்குங்கள். மாநிலத்துக்குள் என்றால் விற்பவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸை மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மாற்றாமல் ஓட்டி விபத்தானால் உங்கள் காருக்கான சேத இழப்பீடு மறுக்கப்படலாம்.

காரை விற்பவர்களுக்கும் இது பொருந்தும். கார் பல கை மாறியும் ஆர்.சி.யில் முதல் உரிமையாளரின் பெயரே இருந்த ஒரு வழக்கில், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது. பூர்த்தி செய்யாத படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள்.

இத்தனையும் கேட்ட பிறகு விலை பேசுங்கள். தேய்ந்த டயர், முடியப்போகும் இன்சூரன்ஸ், செய்ய வேண்டிய சர்வீஸ் ஒவ்வொன்றும் விலையைக் குறைக்கக் காரணமாகும். பதில் திருப்தி தராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வேறு கார் கிடைக்கும். போன சேமிப்பு திரும்பக் கிடைப்பது கடினம்.