ரிக்கார்டு பாட்டும் ஐம்பது ஹெர்ட்சும்

ரொம்ப நாள் கழித்து ஒரு இயற்பியல் வகுப்பு. பரீட்சை கிடையாது, பயப்படாதீர்கள்.

தீபத் திருவிழா சமயத்தில் நம் திருவண்ணாமலைத் தெருக்களில் குழாய் ஸ்பீக்கர் கட்டி ரிக்கார்டு போட்ட காலம் மூத்த மாணவர்களுக்கு நினைவிருக்கும். சில சாயங்காலங்களில் பாட்டு கொஞ்சம் தொய்ந்து, பாடகருக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி கேட்கும். பழி எப்போதும் ஊசி மேலும் தேய்ந்த தட்டின் மேலும்தான் விழும். உண்மையான காரணம் பல நாட்களில் மின்கம்பி வழியாக வந்தது.

சாவி கொடுக்கும் கிராமபோனுக்கு இந்தத் தொல்லை இல்லை. 1896-இல் அமெரிக்கரான எல்ட்ரிட்ஜ் ஜான்சன் அதற்குச் சுருள்வில் மோட்டார் செய்து கொடுத்தார். உள்ளே சுழலும் எடைகள் கொண்ட கவர்னர் வேகத்தைக் கட்டுக்குள் வைத்தது. மின்சார மோட்டார் வந்ததும் அந்தப் பொறுப்பு மின்நிலையத்துக்குப் போய்விட்டது. சிங்க்ரனஸ் மோட்டார் வோல்டேஜைப் பார்த்து வேகத்தை மாற்றாது, அலைவெண்ணைத்தான் பின்தொடரும். அது நம் நாட்டில் 50 ஹெர்ட்ஸ்.

தென்னக மின்தொகுப்பில் தேவை அதிகமாகி உற்பத்தி போதாதபோது அது 48-க்கு இறங்குவது 1990-களில் சாதாரணம். கணக்குப் போடுங்கள். நூற்றுக்கு நான்கு குறைவு. 33⅓ சுற்றில் ஓட வேண்டிய எல்பி 32 சுற்றில் ஓடும். ஐந்து கட்டையில் பாடியவர் நாலரைக் கட்டையை நெருங்கிவிடுவார். ரிக்கார்டைக் கேட்டுப் பாடம் செய்த பிள்ளைகள், ஆர்மோனியத்தை வைத்துப் பார்த்தால் சுருதி சேராமல் திணறியிருப்பார்கள். தப்பு அவர்கள் காதில் இல்லை!

ஸ்டெபிலைசர் வைத்தும் பயனில்லை. அது வோல்டேஜை மட்டும் திருத்தும். வேகம் பார்க்கும் கோடு போட்ட ஸ்ட்ரோப் தட்டும் ஏமாற்றிவிடும். விளக்கு மினுக்குவதும் அதே மின்சாரத்தில்தானே? இரண்டும் சேர்ந்தே மெதுவாகும். கோடுகள் அசையாமல் நிற்கும். பேட்டரியில் ஓடிய சின்ன பிளேயரில் டிசி மோட்டாரும் கவர்னரும் இருந்ததால், அலைவெண் இறங்கியதால் அது தடுமாறவில்லை. விலை உயர்ந்ததுதான் தடுமாறியது.

இதற்கு மருந்து, குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டு துல்லியமான 50 ஹெர்ட்சை நாமே உண்டாக்கி, பெருக்கி, மோட்டாருக்குக் கொடுப்பது. ஸ்காட்லாந்தின் லின் நிறுவனம் 1980-களில் தன் எல்பி12 பிளேயருக்கு 'வல்ஹாலா' என்று இப்படி ஒரு பலகையைக் கொண்டுவந்தது.

நம் பக்கம் நிலைமை மாறியது 2003 ஜனவரியில். அலைவெண் இறங்கிய நேரத்தில் ஒதுக்கீட்டுக்கு மேல் மின்சாரம் எடுத்தால் கூடுதல் கட்டணம் என்ற முறை தென்னகத்துக்கு வந்தது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வழியாகத் தென்னகத் தொகுப்பு நாட்டின் மற்ற பகுதியோடு இணைந்தது. பாட்டுக்காக யாரும் செய்யவில்லை; ஆனாலும் பாட்டும் பிழைத்தது.

அப்படியானால் தனி பவர் சப்ளை இன்று எதற்கு? வேகத்துக்காக அல்ல, அதிர்வுக்காக. இந்த மோட்டாரில் இரண்டு சுருள்கள். ஒன்றுக்குப் போகும் மின்னோட்டத்தைக் கண்டென்சர் கால் அலை தள்ளி வைக்கிறது. கண்டென்சர் பழசானால் அந்த இடைவெளி தவறி மோட்டார் நடுங்கும். மெல்லிய பாட்டுக்கு அடியில் கேட்கும் 'உர்ர்' அதனாலும் வரலாம். இரண்டு சுருளுக்கும் தனித்தனியே சரியான அலை கொடுத்து, மோட்டார் ஓடத் தொடங்கியதும் வோல்டேஜைக் குறைத்தால் நடுக்கம் அடங்கும்.

பரணில் பிளேயர் இருப்பவர்கள் முதலில் கண்டென்சரை மட்டும் மாற்றிப் பாருங்கள், செலவு குறைவு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுப்பது நல்லது.